பொங்கலுக்கு வீட்டுக்கு விடச் சொல்லிக் கேட்கலாம்

மார்கழி பாதியைத் தாண்டியதும் கண்டி, நாவலப்பிட்டி, டிக்கோயா ஆஸ்பத்திரி வார்டுகளில் தோட்டத்து ஆட்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பொங்கலுக்கு வீட்டுக்கு விடுவாங்களா மிஸ்ஸி?" பதில் புரியாத மொழியில் வந்தால் பலர் அதோடு வாயை மூடிக்கொள்கிறார்கள். சிலர் யாரிடமும் கேட்காமலே, சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்து வைத்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். இந்த இரண்டுமே தேவையில்லை.

கினிகத்தேனைப் பக்கத்தில் குளிர்காலம் கொஞ்சம் வித்தியாசமானது. வைகாசியில் பிடித்த மழை வட்டவளை, கினிகத்தேனை மேட்டில் மாதக்கணக்கில் கொட்டித் தீர்க்கும். மார்கழி, தையில்தான் அது ஓய்ந்து, காலைப் பனி விலகியதும் வெயில் வாசலுக்கு வரும். விடியற்காலையில் லயத்துக்கு லயம் பஜனை போகும். மார்கழிப் போயாவோடு சிவனொளிபாதமலை சீசன் தொடங்கி, கொழும்பிலிருந்து அட்டன் போகும் யாத்திரை பஸ்கள் கினிகத்தேனை டவுனில் இரவெல்லாம் நின்று போகும். வருடத்தில் நல்ல மாதங்கள் இவைதான். வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் இந்த மாதங்கள் கிளினிக் கொப்பிக்குள்ளேயே கழிந்துவிடுகின்றன. நோயாளிக்கு இந்தச் சின்னச் சந்தோஷங்களை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, எங்கே கவனம் வேண்டும், தடை வந்தால் எங்கே போவது என்பதைப் பார்ப்போம்.

முதலில் நாள் கணக்கு. புற்றுநோய்க்கு ஊசி மருந்து ஏற்றுபவர்களில் பலருக்கு அது 21 நாட்களுக்கு ஒருமுறை வரும். மருந்து ஏற்றி ஒரு வாரம் போனபின், ஏறக்குறைய 7 முதல் 14ஆம் நாள் வரை, இரத்தத்தின் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். சாதாரணத் தடிமன்கூட ஆளைச் சாய்த்துவிடும் நாட்கள் இவை. மூன்றாவது வாரத்தில் உடம்பு தேறிவரும். டிசம்பர் 28இல் மருந்து ஏற்றியவருக்குப் பொங்கல் 15ஆம் திகதி வந்தால் அது 19ஆம் நாள்; வாசலில் உட்கார்ந்து பொங்கல் பொங்குவதைப் பார்க்கலாம். ஜனவரி 5இல் ஏற்றியவருக்கு அது 11ஆம் நாள். வீட்டில் சொந்தக்காரர் கூட்டம் கூடக் கூடாது. இந்தக் கணக்கைக் கலண்டரில் எழுதிக்கொண்டு, டிசம்பர் கிளினிக்கிலேயே "திகதியை ரெண்டு மூணு நாள் மாத்த முடியுமா டொக்டர்?" என்று கேளுங்கள். சிலருக்கு மாற்றலாம், சிலருக்கு மாற்றக் கூடாது. அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

கதிர்ச் சிகிச்சை வேறு மாதிரி. பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் நடக்கும். நடுவில் நாட்களை விட்டால் சிகிச்சையின் பலன் குறையும். சனி, ஞாயிறில் வீட்டுக்குப் போய்வர அனுமதி கேட்கலாம். சிறுநீரக நோயாளிகள் இரத்தச் சுத்திகரிப்பை, அதாவது டயாலிசிஸை, எந்தப் பண்டிகைக்காகவும் தள்ளிப் போடக் கூடாது. பொங்கல் அந்த நாளிலேயே வந்தால் பொங்கலைத்தான் மறுநாளுக்கு வைக்க வேண்டும். சூரியன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்கு வர முடியாதென்றால் பொங்கலே வார்டுக்குப் போகலாம். இங்கேதான் அன்பு ஆபத்தாகிவிடுகிறது. காலை ஐந்து மணிக்குப் பொங்கி, கரியரில் அடைத்து, நாவலப்பிட்டியில் பஸ் மாறி, பார்வையாளர் நேரம் வரும்வரை கேட்டுக்கு வெளியே காத்திருந்து கொடுக்கும்போது அந்தச் சோறு பல மணி நேரம் வெதுவெதுப்பில் கிடந்திருக்கும். சோற்றில் கிருமி பெருக அந்தச் சூடு போதும். நமக்கு வயிற்றுப்போக்கோடு போவது, வெள்ளணு குறைந்தவருக்கு உயிர்ப் பிரச்சினை. பொங்கும் நேரத்தைப் பஸ் நேரத்துக்கு ஏற்பத் தள்ளிவைத்து, அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க நல்ல பிளாஸ்க்கில் போட்டு, போனவுடன் கொடுக்க முடிந்தால் நல்லது. ஒரு கரண்டி போதும். மிச்சத்தை லொக்கரில் வைத்துவிட்டு வராதீர்கள்.

சிறுநீரக நோயாளிக்குப் பால் பொங்கலும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேரும். கருப்பட்டி, முந்திரி, பிளம்ஸ், வாழைப்பழம், இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. அது இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே குழப்பிவிடும். வீட்டுத் தோட்டத்துக் காமரங்காயைச் சிறுநீரக நோயாளிக்குக் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள நஞ்சை ஆரோக்கியமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று போகும். சீனி வியாதிக்காரருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று வார்டிலேயே கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஒளித்துக் கொடுத்தால், மறுநாள் சீனி ஏன் ஏறியது என்று தெரியாமல் வைத்தியர் மருந்தைக் கூட்டுவார். கசாயமும் அப்படியே: ஈரலைக் கெடுக்கும் மூலிகைகள் உண்டு, கேட்காமல் வேண்டாம்.

கோயில் திருநீறு நெற்றியோடு நிற்கட்டும், வாயில் போட வேண்டாம். புற்றுநோய் வார்டுக்குப் பூவைத் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள், அந்தத் தண்ணீரில் கிருமி வளரும். ஒக்சிஜன் போட்டிருக்கும் கட்டில் பக்கம் கற்பூரமும் விளக்கும் நினைப்பிலேயே இருக்கக் கூடாது.

பஜனைக்கு இந்தத் தொல்லைகள் ஏதும் இல்லை. வார்டில் இருக்கும் அம்மாவின் லயத்து வாசலில் பாடும்போது பேரப்பிள்ளை போனில் பிடித்து அனுப்பினால், காதில் மாட்டிக் கேட்கலாம். பக்கத்துக் கட்டிலுக்கும் இடைஞ்சல் இல்லை. போன வருடம் யார் தாளம் தப்பினார்கள் என்று அவர் சொல்வதைக் கேட்கவாவது இதைச் செய்யலாம்.

வீட்டுக்கு வந்தவருக்குக் குளிர் இன்னொரு சங்கடம். கதவு ஜன்னலை மூடிக்கொண்டு கரியடுப்பு வைத்துக் குளிர் காயாதீர்கள். நிறமும் மணமும் இல்லாத காபன் மொனொக்சைட் தூக்கத்திலேயே கொல்லும். விறகுப் புகை சளி, இழுப்பு உள்ளவருக்கு ஆகாது. காலில் உணர்ச்சி குறைந்த சீனி வியாதிக்காரருக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்தால் தோல் வெந்த பிறகுதான் தெரியும். காலுறையும் இரண்டு போர்வையும் நல்லது. காலை வெயிலில் உட்காரலாம், ஆனால் கதிர்ச் சிகிச்சை பெற்ற இடத்தைத் துணியால் மூடியிருக்க வேண்டும்.

போயா விடுமுறையில் கிளினிக் இருக்காது. அந்த வார இறுதிகளில் யாத்திரைக் கூட்டத்தால் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. பயணத்தை அதற்கு முன்போ பின்போ வையுங்கள். ஊசி மருந்து ஏற்றியவருக்குக் காய்ச்சல் 38 பாகை தொட்டால், அது பொங்கல் இரவானாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பெனடோல் கொடுத்துக் காய்ச்சலை மறைக்கவும் வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பேரோடு டிவிஷன், பெரிய றோட்டிலிருந்து திரும்பும் இடம், பக்கத்துக் கோயில் எல்லாவற்றையும் சொல்லி, ஒருவரை டோர்ச்சோடு சந்தியில் நிறுத்துங்கள்.

இனி அந்த முதல் கேள்விக்கு வருவோம். பதில் நமக்குப் புரிய வேண்டும் என்பது யாரும் போடும் பிச்சையல்ல. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. கண்டி ஆஸ்பத்திரிக்கும் அது பொருந்தும். சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்துக் கேட்டால், "தமிழில் சொல்லுங்க, விளங்கினதும் வைக்கிறேன்" என்று சொல்லுங்கள். தமிழ் தெரிந்த தாதி யாராவது இருப்பார். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம். அதுவும் நகரவில்லையென்றால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996இல் அழைக்கலாம். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. எனக்குத் தெரிந்தவரை, கடிதம் எழுதும் கட்டத்துக்கு முன்பே தமிழ் பேசும் ஒருவர் எங்கிருந்தாவது கிடைத்துவிடுகிறார். கேட்பவர் இல்லாததால்தான் பலமுறை அவர் கிடைக்கவில்லை.

காசுதான் கடைசிச் சிக்கல். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். பஸ் காசு இலவசமில்லை, துணைக்கு நிற்பவரின் பெரட்டு நாளும் போகிறது. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தபோதே, வாரம் இரண்டு நாள் போனால் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் குறைந்தது. ஊழியர் சேமலாப நிதியில் பத்து வருடம் பணம் கட்டி, கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபாய் இருப்பவர், வேலையில் இருக்கும்போதே 30 சதவீதம் வரை மருத்துவச் செலவுக்கு எடுக்கலாம். அட்டனில் தொழில் அலுவலகம் இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கிளினிக் கொப்பியும் வைத்தியரின் கடிதமும் கொண்டுபோங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு முன்பு கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். அம்பகமுவ பிரதேச செயலகம் கினிகத்தேனை டவுனிலேயே இருக்கிறது. 1999இன் வர்த்தமானிப்படி அது இருமொழிப் பிரிவு. படிவத்தைத் தமிழிலேயே கேட்டு வாங்கி, தமிழிலேயே நிரப்பிக் கொடுக்கலாம். அங்கேயே சமூக சேவை உத்தியோகத்தரையும் பார்த்து, நோயாளிகளுக்கான மாதாந்த உதவி பற்றிக் கேளுங்கள். பொங்கல் வாரத்தில் அலுவலகத்தில் பாதிக் கதிரைகள் காலியாக இருக்கும். மார்கழி முடியும் முன் போய்விடுங்கள்.