அரிக்கவும் இல்லை, வலிக்கவும் இல்லை: அந்தத் தேமல் என்ன?



"உடம்பெல்லாம் ஒரே அரிப்பு, ரத்தம் கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டு கடையில் ஒரு டியூப் களிம்பை வாங்கித் தடவும் பழக்கம் நம்மவர்களை விட்டு இன்னும் போகவில்லை. ரத்தம் ஒன்றும் கெட்டுப்போவதில்லை, ஐயா. தோலில் வரும் வியாதிகள் பலவும் தங்கள் பெயரைத் தோலிலேயே எழுதிவிட்டுத்தான் வருகின்றன. டாக்டர் செய்வதெல்லாம் அந்த எழுத்தைப் படிப்பதுதான். அதில் சிலவற்றை நாமும் படிக்கலாம். வைத்தியம் பார்ப்பதற்காக அல்ல, எப்போது தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

முதலில் சொறி சிரங்கு. கேமரன் மலைக் குளிருக்கு ஒரே கம்பளிக்குள் மூன்று பிள்ளைகள் படுக்கிற வீடுகளில் இதற்குக் கொண்டாட்டம். கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி ஒன்று தோலுக்குள் குடைந்துபோய் முட்டையிடுகிறது. இதன் கையெழுத்து என்ன? பகலில் கொஞ்சம், ராத்திரியில் தாங்க முடியாத அரிப்பு. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்பில் துணி கட்டும் இடம் ஆகியவற்றில் சிறு சிறு கொப்புளம். கைக்குழந்தைக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வரும். எல்லாவற்றிலும் பெரிய அடையாளம், வீட்டில் ஒருவருக்கு மேல் சொறிவது! டாக்டர்கள் ஒரு வேடிக்கையான சோதனை செய்வார்கள். சந்தேகப்பட்ட இடத்தில் பேனா மையைத் தடவி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பார்கள். மேலே உள்ள மை போய்விடும். பூச்சி குடைந்த பாதைக்குள் இறங்கிய மை மட்டும் கோடாக நிற்கும்.

இதற்கு மருந்து உண்டு. பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து கால்விரல் வரை ராத்திரி பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. ஆனால் வீட்டில் உள்ள அத்தனை பேரும், அரிப்பு இல்லாதவர்களும், ஒரே நாளில் பூச வேண்டும். அங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். "எனக்கு ஒண்ணுமில்லே" என்று வீட்டுக்காரர் ஒதுங்கினால் அவரிடமிருந்தே மறுபடியும் எல்லாருக்கும் வரும். கம்பளி, துணிகளைச் சுடுதண்ணீரில் துவைக்கணும். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சில நாள் வைத்தால் பூச்சி பட்டினியில் செத்துவிடும். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம். மருந்து கேட்கவில்லை என்று பயப்பட வேண்டாம்.

அடுத்தது படர்தாமரை. வட்டமாக வரும், ஓரம் தடித்துச் சிவந்து செதிலாக இருக்கும், நடுவில் ஆறியது போலத் தெரியும். அந்த ஓரம்தான் அதன் அடையாளம். கடைக் களிம்புகள் பலவற்றில் கலந்திருக்கும் ஸ்டீராய்டு அந்த ஓரத்தை அழித்துவிடுகிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், "கைகண்ட மருந்து" என்று அடுத்த வீட்டுக்கும் சிபாரிசு போகும். உள்ளே பூஞ்சைக் காளான் நிம்மதியாகப் பரவிக்கொண்டிருக்கும். பிறகு டாக்டரிடம் போனால் அவருக்கே அடையாளம் பிடிபடாது. திருடனின் கைரேகையை நாமே துடைத்துவிட்டுப் போலீசைக் கூப்பிட்ட கதைதான் இது!

மருந்து அடிக்கிற வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவந்து தடித்த இடம் கையுறை முடியும் கோட்டிலோ, பூட்ஸ் உரசும் விளிம்பிலோ நேராக வெட்டியது போல நின்றால், லீவு நாளில் குறைந்து திங்கட்கிழமை கூடினால், அது வேலையால் வந்தது. எந்த மருந்து, எந்தக் கையுறை என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். பாராகுவாட் இந்த நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. எங்காவது பழைய டின் மிச்சமிருந்தால் அதைத் தொடாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வெளுத்த தேமல் எல்லாம் ஒன்றல்ல. நகத்தால் லேசாகச் சுரண்டினால் மாவு போல உதிர்கிறதா? அது சாதாரணத் தேமல், பூஞ்சையால் வருவது. பால் போலச் சுத்த வெள்ளையா? அது வெண்புள்ளி. தொட்டால் ஒட்டாது, அதைக் குஷ்டம் என்று சொல்லிப் பெண்ணை ஒதுக்குவது பாவம். ஆனால் லேசாக வெளுத்தோ சிவந்தோ, அரிக்காமல், வலிக்காமல், அந்த இடத்தில் வேர்க்காமல், முடி உதிர்ந்து, தொட்டால் தெரியாமல் ஒரு படை இருந்தால்? அது தொழுநோயாக இருக்கலாம்.

டிரெசர்கள் செய்கிற சோதனை எளிமையானது. பஞ்சை நூலாகத் திரித்து முதலில் நல்ல தோலில் தொட்டுக் காட்டுவார்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி அங்கும் இங்கும் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வார்கள். நல்ல தோலில் சரியாகக் காட்டுகிறவர் படையின் மேல் தொட்டால் சும்மா இருந்தால், அதுதான் அடையாளம். முழங்கை எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பு கயிறு போலத் தடித்திருக்கிறதா என்றும் தடவிப் பார்ப்பார்கள். முகத்தில் உள்ள படையில் மட்டும் உணர்ச்சி போகாமல் இருக்கலாம். இன்னொரு வகையில் படையே தெளிவாக இருக்காது. காது மடல் தடிக்கும், புருவ முடி உதிரும், உடம்பில் சிறு கட்டிகள் எழும். ஆகவே "தொட்டால் தெரியுதே, பிறகென்ன?" என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

ஏன் அவசரம்? விரலில் உணர்ச்சி போனவர் கொதிக்கிற தேத்தண்ணி டம்ளரைப் பிடித்துச் சுட்டுக்கொள்வார், தெரியாது. கொழுந்து வெட்டுகிற கத்திரி பட்டு ரத்தம் வரும், தெரியாது. புண் புரையோடி விரல் போவது இப்படித்தான். கிருமி விரலைத் தின்பதாகச் சொல்வது பொய். வலி இல்லாததுதான் விரலைத் தின்கிறது.

இந்த வியாதியின் பேரைக் கேட்டாலே நம் பெரியவர்கள் நடுங்கியதற்குக் காரணம் இருக்கிறது. 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்புக்கு நோயாளிகளைக் கட்டாயமாகக் கொண்டுபோனார்கள். அங்கே பிறந்த குழந்தைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று ஆயிரக்கணக்கானோர் அங்கே வாழ்ந்து முடிந்தார்கள். அதே சுங்கை பூலோவில்தான் 1964இல் பெட்டிட், ரீஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள், அந்நாளைய மருந்தான டாப்சோனுக்குச் சில கிருமிகள் மசியாமல் எதிர்த்து நிற்பதை உலகத்தில் முதன்முதலாக நிரூபித்தார்கள். ஒரே மருந்து போதாது என்று தெரிந்த பிறகு, 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைச் சிபாரிசு செய்தது. இன்று கிருமி குறைந்த வகைக்கு 6 மாதம், கூடிய வகைக்கு 12 மாதம் மாத்திரை. யாரையும் எங்கேயும் அடைத்து வைப்பதில்லை. மருந்து தொடங்கியவரிடமிருந்து நோய் தொற்றும் வாய்ப்பு வெகு சீக்கிரம் போய்விடுகிறது. அவர் வேலைக்குப் போகலாம், குழந்தையைத் தூக்கலாம். அது போக, மனிதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இயற்கையாகவே இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி உண்டு.

கிருமி உடம்பில் புகுந்து அடையாளம் காட்டச் சராசரி 5 வருஷம், சிலருக்கு 20 வருஷம்கூட ஆகும். ஆகவே "யார் கொண்டுவந்தது?" என்று பக்கத்து அறையில் இருக்கிற வங்காளதேசத்துத் தம்பியையோ நேப்பாளத்துத் தம்பியையோ முறைப்பதில் அர்த்தமில்லை. அவருக்கும் படை இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள். பயந்து ஒளித்துக்கொள்கிறவர்தான் விரலை இழக்கிறார்.

கடைசியாக, காத்திருக்கக் கூடாத இரண்டு அடையாளங்கள். ஒன்று, காய்ச்சலோடு சிவப்புப் புள்ளிகள். கண்ணாடி டம்ளரின் பக்கத்தை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் சிவப்பு மறையாவிட்டால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கிறது. டெங்கியாக இருக்கலாம், மூளைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். மறைந்தாலும் காய்ச்சல் கடுமையாக இருந்தால் டாக்டரைப் பாருங்கள். இரண்டு, வலிப்புக்கோ மூட்டு வாதத்துக்கோ புது மாத்திரை தொடங்கிய சில வாரங்களுக்குள் வாய் புண்ணாகி, தோல் தேய்த்தால் உரிந்து வருவது. இந்த இரண்டுக்கும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். மண்டோரை எழுப்பி, தோட்டத்து வண்டியைக் கேளுங்கள். மாத்திரை உறையையும் கையோடு எடுத்துப்போங்கள்.

மற்றப் படைகளுக்கு அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். போகும் அன்று களிம்பு எதுவும் தடவாதீர்கள். ஏற்கெனவே தடவியிருந்தால் டியூபைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வெளிச்சத்தில் முதுகு, பிட்டம், தொடை எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும். பெண்கள் கூச்சப்பட்டு முகத்தில் உள்ளதை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். பெண் டாக்டரைக் கேளுங்கள் அம்மா, அல்லது மிஸ்ஸி கூட நிற்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் செய்வார்கள்.