யுரேனியத்தின் கலவை எங்கும் ஒன்றா?

இயற்கை யுரேனியத்தில் மூன்று ஐசோடோப்புகள் கலந்திருக்கின்றன. ஆயிரம் அணுக்களை எடுத்தால் ஏறத்தாழ 993 யுரேனியம்-238, ஏழு யுரேனியம்-235. யுரேனியம்-234 மிக அரிது. பத்து லட்சத்தில் சுமார் 55 தான். இந்தக் கலவை இடத்துக்கு இடம் மாறுகிறது. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, அணுப்பிளவு. 1972-இல் பிரான்சின் பியர்லாட் ஆலையில் ஒரு மாதிரியைச் சோதித்தபோது, 0.720 விழுக்காடு இருக்க வேண்டிய 235, 0.717 மட்டுமே இருந்தது. தாது வந்த இடம் ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு ஒக்லோ சுரங்கம். சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நிலத்தடி நீரின் உதவியோடு அணு உலை தானாகவே இயங்கி, 235-ஐ எரித்திருக்கிறது. 235 வேகமாகச் சிதைவது என்பதால், அன்றைய யுரேனியத்தில் அதன் பங்கு 3 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. இன்றைய தாதுவில் அப்படி நடக்காது.

இரண்டாவது, சிதைவின் உதை. 238 சிதைந்து ஆல்ஃபா துகளை வீசும்போது, துப்பாக்கி சுட்டவர் தோளில் உதைப்பதுபோல் எஞ்சிய அணுக்கருவும் பின்னால் தள்ளப்படுகிறது. அதைச் சுற்றிய படிகம் சிதைகிறது. பிறகு அதே இடத்தில் உருவாகும் 234 தளர்ந்து நிற்பதால், தண்ணீர் அதை எளிதில் கரைத்துச் செல்கிறது. கடல்நீரில் 234, உருவாவதும் சிதைவதும் சமமாகும் அளவைவிடச் சுமார் 15 விழுக்காடு கூடுதலாக இருப்பது இதனால்தான். பவளங்களின் வயதைக் கணிக்கும்போது இந்த மிகுதி, முடிவைச் சரிபார்க்கவும் உதவுகிறது.

மூன்றாவது, வேதியியல். ஆக்சிஜன் உள்ள நீரில் யுரேனியம் கரைந்திருக்கும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் படிந்துவிடும். படியும்போது 238 சற்றே முந்திக்கொள்கிறது. பெரிய அணுக்கருவின் பருமன் எலக்ட்ரான்களைப் பாதிப்பதே காரணம். வேறுபாடு ஆயிரத்தில் ஓரிரு பங்கைத் தாண்டுவது அரிது. ஆனாலும் கடலில் ஆக்சிஜன் பரவலாகக் குறைந்தால் 238 சேற்றுக்குப் போய், எஞ்சிய நீரில் அதன் பங்கு குறையும். அந்த நீரில் உருவான சுண்ணாம்புக்கல் அதைப் பதிந்து வைக்கிறது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெர்மியன் பேரழிவின்போது கடல் மூச்சுத் திணறியதை ஆய்வாளர்கள் இப்படியும் படித்தறிந்தார்கள்.

ஒக்லோவை விதிவிலக்காக ஒதுக்கிவிட்டு, 238-க்கும் 235-க்கும் உள்ள விகிதம் 137.88 என்று பாறை வயதுக் கணக்குகள் நெடுங்காலம் எடுத்துக்கொண்டன. 2012-இல் பல சிர்க்கான் படிகங்களை அளந்து, சராசரி 137.818 என்று கண்டார்கள். இந்தச் சிறு திருத்தம் 450 கோடி ஆண்டுப் படிகத்துக்கு ஈய ஐசோடோப்புகளைக் கொண்டு கணிக்கும் வயதில் ஏழு லட்சம் ஆண்டு வரை குறைக்கிறது. ஆகவே, மிகத் துல்லியமான வயது தேவைப்படும் இடத்தில், மாறிலி என்று நம்பி எடுத்த எண் போதாது. அந்தக் கல்லின் விகிதத்தை அளந்தே தீர வேண்டும்.