பார்க்காமலே அடையாளம் காணும் எண்

2016 ஜூன் மாதம். சேலம் மாவட்டத்தில் வேதியியல் படித்து முடித்திருந்த 21 வயதுப் பெண் ஒருவரின் முகத்தை வேறோர் உடலில் ஒட்டி யாரோ முகநூலில் போட்டார்கள். பெற்றோர் காவல்துறையிடம் போனார்கள். படத்தை ஏற்றியவர் யார் என்பதை முகநூல் நிறுவனம்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லி, பதிலுக்காகக் காவல்துறை காத்திருந்தது. இதற்கிடையில் இரண்டாவது படமும் வந்தது. புகார் கொடுத்த சில நாட்களிலேயே அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் ஓர் இளைஞர் கைதானார். குடும்பத்தாரிடம் கைப்பேசி ஒன்றை லஞ்சமாக வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட சைபர் பிரிவுக் காவலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

அந்தப் பெண்ணின் பெயரும் புகைப்படமும் அன்றைய செய்திகளில் தாராளமாக வந்தன. நான் அவற்றை இங்கே தரப்போவதில்லை.

காவலரின் லஞ்சத்துக்கும் அதிகாரியின் மெத்தனத்துக்கும் அப்பால் அந்த நாட்களில் இன்னொரு இடரும் இருந்தது. ஒரு படத்தை இணையத்திலிருந்து எடுக்க வேண்டுமென்றால் அதை யாராவது பார்த்தாக வேண்டும். காவலர் பார்ப்பார், நிறுவனத்தின் ஊழியர் பார்ப்பார், மறுபடி ஏற்றப்பட்டால் மறுபடி எல்லோரும் பார்ப்பார்கள். எந்தக் கண்களுக்கு அஞ்சி ஒரு பெண் கூனிக் குறுகுகிறாளோ, உதவி கேட்கும்போதும் அதே போன்ற கண்களின் முன்னால்தான் அந்தப் படத்தை நீட்ட வேண்டியிருந்தது. யாரும் பார்க்காமலே ஒரு படத்தை அடையாளம் காண முடியுமா? முடியும். அதைச் செய்வது ஓர் எண்.

கணினி எந்தக் கோப்பையும் ஒரு சிறு எண்ணாகச் சுருக்கிவிடும். ஆனால் வழக்கமாகச் சுருக்கும் முறையில், படத்தில் ஒரே ஒரு புள்ளியின் நிறம் மாறினாலும் எண் முழுவதுமாக மாறிவிடும். வாட்ஸ்அப்பில் ஒருமுறை அனுப்பினாலே படம் சுருங்கி, கோப்பு வேறாகிவிடுகிறது. அதனால் அந்த முறை இங்கே பயன்படாது. படம் கொஞ்சம் மங்கினாலும், சிறியதானாலும், நிறம் வெளுத்தாலும் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் பேராசிரியர் ஹேனி ஃபரீதும் சேர்ந்து 2009-ல் ஃபோட்டோடிஎன்ஏ என்ற முறையை உருவாக்கினார்கள். குழந்தைகளைப் பாலியல் வதைக்கு உள்ளாக்கும் படங்களைப் பிடிக்க வந்த முறை அது. 2019-ல் முகநூல் நிறுவனம் பிடிக்யூ என்ற தன் முறையை எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது.

பிடிக்யூ செய்வதைப் படிப்படியாகப் பார்ப்போம். முதலில் நிறங்களைக் களைந்து வெளிச்சத்தையும் இருட்டையும் மட்டும் வைத்துக்கொள்கிறது. பிறகு படத்தை 64-க்கு 64 கட்டமாகச் சுருக்குகிறது. முகம், தோள், சுவர் எதுவும் அங்கே தெளிவாகத் தெரியாது. அந்த 4,096 கட்டங்களிலும் வெளிச்சம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அலைகளாகப் பிரிக்கிறது. படத்தின் ஒரு பக்கம் முழுக்க வெளுப்பு, மறுபக்கம் முழுக்கக் கறுப்பு என்றால் அது நீண்ட, மெதுவான அலை. முடியிழை, துணியின் நெசவு, தோலின் சுருக்கம் எல்லாம் குறுகிய, வேகமான அலைகள். வேகமான அலைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, மெதுவான அலைகளில் 256-ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வோர் அலையின் அளவும் மொத்தத்தின் நடு அளவைவிடக் கூடுதலா என்று கேட்கிறது. கூடுதல் என்றால் 1, இல்லையென்றால் 0. இப்படி 256 ஒன்று-பூச்சியங்கள் கொண்ட ஒரு வரிசை கிடைக்கிறது. அதுதான் அந்தப் படத்தின் எண்.

சேலம் வட்டாரத் தறிக்கூடங்களில் சேலைப் பூவுக்கான ஜக்கார்டு அட்டையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அட்டையில் துளை இருக்கிறது, அல்லது இல்லை. அதை வைத்தே முழுப் பூவும் நெய்யப்படுகிறது. ஆனால் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அட்டை இருந்தால் அதே பூவைத் திரும்ப நெய்துவிடலாம். இந்த எண்ணிலிருந்து படத்தை அப்படியே திரும்ப வரைய முடியாது. 256 விடைகள் மட்டும் மிஞ்சி, மற்ற எல்லாமே வழியில் தொலைந்துவிட்டன. பாதிக்கப்பட்டவருக்குப் பாதுகாப்பே அந்த இழப்புதான்.

இரண்டு படங்கள் ஒன்றா என்று பார்க்க, இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்து எத்தனை இடங்களில் வேறுபடுகின்றன என்று எண்ணினால் போதும். தொடர்பில்லாத இரண்டு படங்கள் சராசரியாக 128 இடங்களில் வேறுபடும். 31 அல்லது அதற்கும் குறைவு என்றால் ஒரே படம் என்று கொள்ளலாம் என்பது முகநூல் நிறுவனம் பரிந்துரைத்த அளவு. 256 இடங்களில் ஒன்றையும் பூச்சியத்தையும் எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்கிட்டால், வரும் எண்ணுக்கு 78 இலக்கங்கள். அவ்வளவு பெரிய வெளியில் இரண்டு வேறு படங்கள் தற்செயலாக இவ்வளவு நெருங்குவது மிக மிக அரிது.

அலைகளாகப் பிரிக்கும் அந்தக் கணக்கை 1972-ல் சிந்தித்தவர் பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது. டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-ல் அதை வெளியிட்டார். நம் கைப்பேசிப் படங்கள் ஜேபெக் கோப்பாகச் சுருங்குவதும் இதே கணக்கால்தான். ஒரு படம் நொடியில் ஊர் முழுக்கப் பரவுவதற்குத் துணைபோகும் கணிதமே அதைத் தடுக்கவும் கை கொடுக்கிறது. எனக்கு இது பெரிய வியப்பு.

ஆனாலும் எண்ணை எங்கே உருவாக்குவது என்ற கேள்வியில் முகநூல் நிறுவனத்தார் முதலில் தடுமாறினார்கள். 2017-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை நடந்தது. பரவிவிடும் என்று அஞ்சும் அந்தரங்கப் படத்தை நீங்களே முகநூலுக்கு அனுப்புங்கள், எங்கள் ஊழியர் பார்த்து எண்ணாக்கிவிடுவார் என்றார்கள். பயந்து நிற்பவரிடம் அப்படிக் கேட்டால் யார் அனுப்புவார்? 2021 டிசம்பரில் பிரிட்டனின் ஓர் உதவி மையம் தொடங்கிய ஸ்டாப்என்சிஐஐ தளம் இதைத் தலைகீழாக மாற்றியது. எண் உங்கள் கைப்பேசியிலேயே உருவாகிறது. படம் கைப்பேசியை விட்டு நகர்வதே இல்லை, எண் மட்டும் போகிறது. முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெடிட் போன்ற நிறுவனங்கள் தங்களிடம் ஏறும் படங்களை அந்த எண்ணோடு ஒப்பிடுகின்றன. ஏற்கெனவே பரவிய படத்துக்கு மட்டுமல்ல, பரப்பிவிடுவேன் என்று ஒருவன் மிரட்டும்போதே, முன்கூட்டியே எண்ணைப் பதிந்துவைக்கலாம். இது 18 வயது நிறைந்தவர்களுக்கு. சிறுவர் சிறுமியரின் படங்களுக்கு அமெரிக்காவில் தொடங்கிய டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது.

எல்லாவற்றையும் இது தீர்த்துவிடாது. படத்தின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் அலைகள் மாறிவிடும், எண்ணும் மாறிவிடும். இந்த ஏற்பாட்டில் சேராத நிறுவனங்கள் பல. வாட்ஸ்அப் உரையாடல் பூட்டப்பட்ட நிலையில் போவதால் அதற்குள் இந்த ஒப்பீடு எட்டாது. செய்தியைப் பெற்றவர் புகார் செய்தால்தான் கடைசிச் செய்திகள் நிறுவனத்தின் பார்வைக்குப் போகும். ஒருமுறை நீக்கியது மறுபடி முளைக்கும் என்பதைத் தமிழ்நாடு கண்ணெதிரே பார்த்தது. 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் மனுவில், பரவிய அவருடைய அந்தரங்கப் படங்களை 48 மணி நேரத்துக்குள் நீக்குமாறு மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்குச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஆணையிட்டார். அதற்குப் பிறகும் அவை வேறு தளங்களில் தலைகாட்டின. ஒவ்வொரு முறையும் அவரே தேடிப் பிடித்து மனுப் போட வேண்டும் என்றால் அது நீதியே அல்ல. நிறுவனங்கள் எண்ணை வைத்துத் தாமாகத் தடுக்க வேண்டும் என்பதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும்.

சட்டம் வெறுங்கையோடும் இல்லை. சம்மதமின்றி அந்தரங்கப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ, 67, 67ஏ பிரிவுகளின்கீழ் குற்றம். 2021-ல் வந்த விதிகள், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றன. மார்ஃபிங் செய்த, அதாவது ஒட்டி மாற்றிய, படங்களையும் அந்த விதி பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது. பொள்ளாச்சியில் பெண்களைப் படமெடுத்து மிரட்டி வன்கொடுமை செய்த வழக்கில் 2025 மே மாதம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தப் பெண்கள் வாயைத் திறந்ததால்தான் அது நடந்தது.

நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம், சேலம் பக்கத்துக் கல்லூரி விடுதிகளில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் சொல்வது இது. மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்காதீர்கள், இன்னொரு படமும் அனுப்பாதீர்கள். உரையாடலை அழிப்பதற்கு முன் திரைப்பிடிப்பு, கணக்கின் இணைப்பு, தேதி, நேரம் ஆகியவற்றை எடுத்துவையுங்கள். 18 வயதுக்குட்பட்டவரின் படம் உங்கள் கைக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், சாட்சிக்காகக்கூட. நேராகக் காவல்துறையிடம் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெயர் சொல்லாமலும் இவ்வகைப் புகாரைப் பதியலாம். தொலைபேசி எண் 1930. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. எந்தக் காவல் நிலையமும் தன் எல்லை இல்லை என்று சொல்லித் திருப்பியனுப்பக் கூடாது. மனம் தாங்கவில்லை என்றால் எந்த நேரமும் 14416, அல்லது 104. பெற்றோரே, மகள் வந்து சொன்னால் 'நீ ஏன் அனுப்பினாய்' என்ற கேள்வியை அன்று கேட்காதீர்கள். அவளை நம்புங்கள், கூடவே காவல் நிலையத்துக்குப் போங்கள்.