தாய் வளர்க்க, சேய் தடுக்க

1896ஆம் ஆண்டில், கிளாஸ்கோ நகரத்து ரண வைத்தியரான ஜார்ஜ் பீட்சன் என்பார், மார்பகப் புற்றுநோய் முற்றிய நிலையில் தம்மிடம் வந்த பெண்ணின் சூலகங்களை அகற்றியபின், மார்புக் கட்டி நாளடைவில் சுருங்கிப்போன செய்தியை வைத்திய உலகத்துக்கு அறிவித்தார். ஹார்மோன் என்ற பெயரே வழக்குக்கு வந்திராத காலம் அது. சூலகத்தில் பிறக்கும் ஏதோ ஒரு வஸ்து மார்பிலுள்ள நோய்க்கு உரமூட்டுகிறது என்று அன்று ஊகிக்க மட்டுமே முடிந்தது. அந்த வஸ்து ஈஸ்ட்ரோஜன் வர்க்கத்தைச் சேர்ந்தது என்பதையும், அவ்வர்க்கத்தில் வலிமை மிக்கது ஈஸ்ட்ரடயால் என்பதையும் பின்வந்த இரசாயன நிபுணர்கள் விளக்கினர். இப்படிப் புற்றுக்குத் துணைபோவதாக அறியப்பட்ட ஈஸ்ட்ரடயால், சரீரத்துக்குள்ளேயே உருமாறும்போது, புற்றணுக்களின் பெருக்கத்தைத் தடுக்கவல்ல ஒரு சேய்ப்பொருளையும் ஈன்றுவிடுகிறது. 2-மெத்தாக்சிஈஸ்ட்ரடயால் என்பது அதன் பெயர்.

அது பிறக்கும் விதம் எளியது. ஈஸ்ட்ரடயால் மூலக்கூறின் மூன்றாம் கரியணுவில் இயல்பாகவே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி அமைந்திருக்கிறது. கல்லீரல் முதலிய உறுப்புகளிலுள்ள சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிகள், அதற்கு ஒரு பக்கத்திலுள்ள இரண்டாம் கரியணுவிலோ, மறுபக்கத்திலுள்ள நான்காம் கரியணுவிலோ இன்னொரு ஹைட்ராக்சிலைச் சேர்க்கின்றன. நான்காம் இடத்தில் சேர்ந்த பொருள், தக்க சமயத்தில் அடக்கப்படாவிடில், குயினோனாக மாறி மரபணுப் பொருளாகிய டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு அதைச் சேதப்படுத்தக்கூடியது. இரண்டாம் இடத்தில் சேர்ந்ததன்மேல், அட்ரினலினைச் செயலிழக்கச் செய்யும் அதே காம்ட் என்னும் நொதி ஒரு மெத்தில் தொகுதியைப் பூட்டிவிட, நாம் பேசும் பொருள் உருவாகிறது. தாயின் மூலக்கூறு எடை 272. சேயின் எடை 302. ஓர் ஆக்ஸிஜன் அணுவும், ஒரு கரியணுவும், இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுமே இருவருக்கும் உள்ள வித்தியாசம். இவ்வளவு சிறிய மாற்றத்தினாலேயே, ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளைப் பற்றிக்கொள்ளும் சக்தியைச் சேய் ஏறக்குறைய முற்றிலும் இழந்துவிடுகிறது; ஆகவே தாயைப்போல் உயிரணுக்களை வளரத் தூண்டுவதும் அதற்கு இயலாமற் போகிறது.

இது பிறர் வளர்ச்சிக்கு உதவாமல் ஒதுங்கி நிற்பதோடு அமையாது, குறுக்கே நின்று தடுக்கவும் செய்கிறது என்பதற்கு முதற்சான்றுகளுள் ஒன்றை, தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சீகர்ஸ் குழுவினர் 1989இல் தந்தனர். ஆய்வுக்கூடத்தில் வளரும் எம்.சி.எஃப்-7 என்னும் மார்பகப் புற்றணுக்களுக்கும், ஹீலா என்னும் வேறுவகைப் புற்றணுக்களுக்கும் இப்பொருளைச் சேர்த்தபோது, அவை பிளவுபடத் தொடங்கி நடுவழியில் நின்றுவிட்டன. இவ்விடத்தில் நாம் சற்றுத் தங்கி, நுண்நோக்காடியின் கீழே நிகழ்வதைக் காண்பது தகும். பிளவுக்கு ஆயத்தமாகும் உயிரணு உருண்டு திரளும். குரோமோசோம்கள் இரட்டை இரட்டையாக நடுவில் அணிவகுக்கும். இரு துருவங்களிலிருந்தும் நீளும் நுண்குழல்கள், தேர்வடம் பிடித்தாற்போல அவற்றைப் பற்றிச் சமமாகப் பிரித்து இழுக்கும். சுமார் 25 நானோமீட்டர் விட்டமுள்ள இந்தக் குழல்கள், டியூபுலின் என்னும் புரத ஜோடிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவாகி, இடையறாது முனைகளில் நீண்டுகொண்டும் குறைந்துகொண்டும் இருப்பவை. 2-மெத்தாக்சிஈஸ்ட்ரடயால் அந்த டியூபுலினோடு பிணைந்து, குழல் கட்டும் வேலையைக் குலைக்கிறது. வடம் ஒழுங்காக அமையாததால் குரோமோசோம்கள் அணிவகுக்க இயலாது சிதறி நிற்க, உயிரணு நெடுநேரம் காத்திருந்து, இறுதியில் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது.

டியூபுலினில் இது அமரும் இடத்தை, 1994இல் ராபர்ட் டி'அமாட்டோ, ஜூடா ஃபோக்மன், எர்னஸ்ட் ஹேமல் முதலியோர் கண்டறிந்து வெளியிட்டார்கள். கால்சிசின் என்னும் தாவர நஞ்சு வந்து பற்றும் அதே இடம் அது! இச்செய்தியைப் படிக்கும் தமிழருக்கு ஒரு நெருக்கம் தோன்றுவது நியாயமே. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கத்து விவசாயிகள் கையால் மகரந்தம் சேர்த்து விளைவிக்கும் கண்வலிக்கிழங்கின் விதைகளில் உள்ள மருந்துச் சத்து அந்தக் கால்சிசினே. தீநாக்குகளை நிமிர்த்தினாற்போன்ற இதழ்களையுடைய அதன் பூவையே நாம் செங்காந்தள் என்கிறோம். அக்கிழங்கின் விஷத்துக்கு அஞ்சி மக்கள் அதைத் தொடாமல் விலகுவர். அந்த விஷம் பற்றுகிற இடத்தையே, மனித சரீரம் தானாக ஆக்கிக்கொள்ளும் ஒரு பொருளும் பற்றுகிறது என்பதை நினைக்கும்தோறும் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

அதே 1994இல் தியோடோர் ஃபோட்சிஸ் குழுவினர் 'நேச்சர்' சஞ்சிகையில் இதன் இன்னொரு குணத்தை வெளிப்படுத்தினர். கட்டி பெருக வேண்டுமானால் அதற்குப் புதிய ரத்த நாளங்கள் வேண்டும் என்று 1971இலேயே ஃபோக்மன் வாதிட்டிருந்தார். வாய்வழியே இப்பொருளைப் பெற்ற எலிகளில் அந்த நாளங்கள் தழைக்கவில்லை. கட்டியின் வளர்ச்சியும் தணிந்தது. பிராணவாயு குறைந்த இடத்தில் நாளங்களை வரவழைக்கும் ஹிஃப்-1 என்னும் புரதத்தையும் இது அடக்குவதை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் ரத்தத்தில் இதன் அளவு மிகுவதும், காம்ட் நொதி இல்லாத கர்ப்பிணி எலிகளுக்கு ரத்தக்கொதிப்பும் சிறுநீரில் புரதமும் தோன்றுவதும், இதற்குப் புற்றுக்கு அப்பாலும் அலுவல் உண்டு என்பதைக் குறிப்பிடுகின்றன.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் புற்றணுக்களை நிறுத்தத் தேவைப்பட்ட செறிவு, சாதாரண நாட்களில் ரத்தத்தில் இருப்பதைப்போல் பன்மடங்கு. ஆகையால் சரீரத்தில் இயற்கையாக ஊறுவதே நம்மைக் காத்துவிடும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. அதை மருந்தாகவே கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவின் என்ட்ரிமெட் கம்பெனி, பான்ஸெம் என்ற பெயரில் அவ்வாறு கொடுத்துப் பார்த்தது. நாளொன்றுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் உட்கொண்ட நோயாளிகள் பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொண்டார்கள். எனினும் ரத்தத்தில் போதிய அளவு நிற்கவில்லை. பதினேழாம் கரியணுவிலுள்ள ஹைட்ராக்சிலை நொதிகள் மாற்றிவிடுகின்றன. மூன்றாம் இடத்திலோ குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்த்துக் கழிவாக வெளியேற்றிவிடுகின்றன. புற்றுக்குத் தடையான பொருளை உண்டாக்கிய அதே சரீரம், அளவு மிகுந்தவுடன் அதனையும் அந்நியமாகக் கருதி அப்புறப்படுத்துகிறது. நோயாளிகளின் நம்பிக்கையையும் பொறுமையையும் எண்ணும்போது, இத்தோல்வி மிகவும் வருத்தத்துக்குரியது.

இரசாயன நிபுணர்கள் இதைக் கைவிட்டுவிடவில்லை. சிதைவு தொடங்கும் அந்த இரண்டு ஹைட்ராக்சில்களையும், மூன்றாம் இடத்திலும் பதினேழாம் இடத்திலும், சல்ஃபமேட் தொகுதிகளால் மூடிப் புதிய வழிப்பொருள்களை ஆக்கியிருக்கிறார்கள். அவை கல்லீரலில் எளிதில் அழியாமல், டியூபுலினில் கால்சிசினின் இடத்தையும் விடாமல் பற்றுகின்றன. அத்தகைய பொருள்களைப் புற்றணுக்கள்மேல் சோதிக்கும் பணி பிரிட்டோரியாவிலும் தொடர்ந்து நடந்துவந்திருக்கிறது.