திரிசிரபுரம் தந்த ஆசிரியர்

எந்தக் கல்லூரியிலும் பயிலாமல், எந்தக் கல்லூரியிலும் உத்தியோகம் வகியாமல், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டின் பெருங்கவிஞராகவும் பேராசிரியராகவும் ஒருங்கே விளங்கியவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி திருச்சிராப்பள்ளிக்கு அருகே பிறந்த அவருக்குத் தமிழை முதலில் போதித்தவர், சோமரசம்பேட்டை வட்டாரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஜீவனம் நடத்திய தந்தை சிதம்பரம் பிள்ளையே. இளமையிலேயே அவரை இழந்த பிள்ளையவர்கள் திருச்சிக்குக் குடிவந்து, ஏடு வைத்திருப்பவர் யார், நூல் தெரிந்தவர் யார் என்று தேடித் தேடிப் போய்க் கற்றார்.

தண்டியலங்காரம் பாடம் சொல்லத் தெரிந்தவர் அக்காலத்தில் எளிதில் கிடைக்கவில்லை. தெருத்தெருவாகப் பிக்ஷை எடுத்துத் திரிந்த பரதேசி ஒருவருக்கு அது நன்றாகத் தெரியும் என்று கேள்வியுற்ற பிள்ளையவர்கள், அவருடைய கர்வத்தைப் பொருட்படுத்தாமல், அவர் பின்னாலேயே நடந்து, வேண்டியவற்றை வாங்கிக் கொடுத்து, மனம் இரங்கும் சமயம் பார்த்துக் கேட்டு, அந்நூலைச் சிறிது சிறிதாகக் கற்று முடித்தார். இப்படிப் பாடுபட்டுக் கற்றவர், பிற்காலத்தில் தம்மை நாடி வந்த மாணாக்கர் எவரையும் அலையவைக்கவில்லை; அவருடைய ஆசிரியப் பண்பின் வேர் அந்தத் தெருக்களில்தான் ஊன்றியது என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் பாடிய நூல்களோ ஏராளம். உறையூருக்குப் புராணம், திரிசிராமலைக்கு யமக அந்தாதி, ஸ்ரீரங்கம் இருக்கும் அதே காவேரித் தீவிலுள்ள திருவானைக்காவின் அகிலாண்டநாயகிக்குப் பிள்ளைத்தமிழ் என்று சொந்த ஊரைச் சுற்றிப் பாடியவை போக, சோழநாடெங்கும் உள்ள தலங்களுக்கு இருபதுக்கு மேற்பட்ட புராணங்கள் இயற்றினார். அவர் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே போக, மாணாக்கர் ஓலையில் எழுதிக்கொண்டே வருவர். எழுதுகிறவர் கை சளைக்குமேயன்றி அவர் வாக்குச் சளைக்காது.

தமிழில் நாவல் பிறந்த கதையிலும் அவருக்கு ஒரு பக்கத்துத் தொடர்பு உண்டு. திருச்சியைச் சார்ந்த குளத்தூரில் 1826-ல் பிறந்து, மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து, 1879-ல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்ற முதல் தமிழ் நாவலை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை அவருடைய ஆப்த நண்பர். கிறிஸ்தவரான அந்த நண்பர்மீது ‘குளத்தூர்க் கோவை’ பாடியவர் திருவாவடுதுறைச் சைவ மடத்தின் வித்துவான் என்பதை நாம் மறக்கலாகாது.

1860-ஐ ஒட்டி மாயூரத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு பிள்ளையவர்களின் வீடே வித்தியாசாலையாயிற்று. கையில் பொருள் தங்காத நிலையிலும், கடன்பட்டேனும், மாணாக்கருக்குச் சோறிட்டுப் பாடம் சொன்னார். பூவாளூர்த் தியாகராச செட்டியார் அவரிடம் கற்றுக் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1871-ல் வந்து சேர்ந்த வேங்கடராமன் என்ற இளைஞருக்கு வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்ற பெயரே ஆசிரியருக்குப் பிடித்துப்போக, அதுவே நிலைத்தது. 1880-ல் செட்டியார் தம் கல்லூரிப் பதவியை அந்தச் சாமிநாதையருக்கே வாங்கிக் கொடுத்தார். பின்னாளில் சங்க நூல்களை அச்சேற்றிய ஐயரின் கைகளுக்கு ஏடு படிக்கும் பயிற்சி அந்த மாயூரத்து வீட்டில் கிடைத்தது.

1876 பிப்ரவரி 1-ஆம் தேதி திருவாவடுதுறையில் பிள்ளையவர்களின் உயிர் பிரிந்தபோது, அவரைத் தாங்கிக்கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணாக்கர். திருவாசகம் படித்துக்கொண்டிருந்தவர் சாமிநாதையர்.

யமகமும் திரிபும் நிறைந்த அவருடைய பிரபந்தங்களை இன்று விரும்பிப் படிப்பவர் மிகச் சிலரே. அதற்காக வாசகர்களைக் குறைகூறவும் இயலாது. ஆனால் ஐயரவர்கள் 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்ட பிள்ளையவர்களின் சரித்திரத்தை, பாடம் சொல்லும் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் படிக்க வேண்டும்.