மூச்சடக்கமும் கயிறு பிடிப்போனும்

'குளித்தல்' என்னும் சொல்லுக்கு இன்று நாம் பெரிதும் கொள்ளும் பொருள் நீராடுதல் என்பதே. பழந்தமிழில் அதற்கு மூழ்குதல், உட்புகுதல் என்னும் பொருள்களும் உள. 'முத்துக் குளித்தல்' என்னும் தொடரில் அப்பழம்பொருள் இன்றும் அழியாது நிற்கின்றது.

என் பழைய மாணாக்கர் ஒருவர் பிறநாட்டில் நீர்மூழ்கு கழகமொன்றிற் சேர்ந்து, காற்றுக்கலன் இன்றி மூச்சடக்கி மூழ்கும் பயிற்சி பெற்றவர். அக்கழகத்தார் முதன்முதற் கற்பித்தது யாது என அவரை வினவினேன். "தனியே மூழ்காதே என்பதுதான், ஐயா. ஒருவர் கீழே சென்றால் மற்றவர் மேலே நிற்பார். ஏறி வந்தவரை 30 விநாடியாவது கண்ணெடாது பார்த்திருக்க வேண்டும்" என்றார்.

இந்நெறி நமக்குப் புதிதன்று. மன்னார்க் கடலோரத்தில் அரிப்பு, சிலாபத்துறை, மருச்சுக்கட்டி என்னும் இடங்களில் முன்னாளிற் சலாபம் நிகழ்ந்தது. குளியாளி கயிற்றிற் கட்டிய கல்லின்மீது காலூன்றி இறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பிகளைத் திரட்டிப் பையிலிடுவான். கயிற்றை அசைத்ததும் தோணியில் இருப்போன் அவனை இழுத்தெடுப்பான். அக்கயிற்றைப் பிடிக்க மைத்துனனையே நிறுத்துவர் என்று கடற்கரை வழக்கொன்று கூறும். தன் உடன்பிறந்தாளின் தாலி தன் கையிலே உள்ளதென அறிந்தவன் கயிற்றை நெகிழவிடான் அன்றோ!

மூழ்குவோனுக்குத் துணை ஏன் இன்றியமையாதது என்பதை இன்றைய உடலியல் விளக்குகின்றது. மூச்சடக்கியிருப்போனை 'மூச்சு விடு' என்று உந்துவது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவன்று. உடலிற் பெருகும் காபனீரொட்சைட்டே. மூழ்குமுன் பலமுறை விரைந்து மூச்செறிந்தால் அவ்வாயு பெரிதும் வெளியேறிவிடும். ஒட்சிசனோ அதனாற் குறிப்பிடத்தக்க அளவு மிகுவதில்லை. எச்சரிக்கும் மணியின் நாவைக் கழற்றிவிட்டுக் காவலுக்கு நிற்பது போன்றது இச்செயல். மூச்சுத் தவிப்புத் தோன்றுமுன்னரே ஒட்சிசன் அருகி, ஒருவன் உணர்விழந்துவிடக் கூடும்.

இன்னோர் இடரும் உண்டு. 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகும். நுரையீரற் காற்றின் பருமன் பாதியாகச் சுருங்கும். 1662இல் பொயில் வெளியிட்ட விதியின் விளைவு இது. மேலெழுங்கால் அழுத்தம் தளர்தலின், குருதிக்குச் செல்லும் ஒட்சிசன் விரைந்து குன்றும். ஆதலின் நீர்மட்டத்தை அணுகும் வேளையிலும், தலை நீருக்கு மேல் வந்த பின்னரும் மயக்கம் நேர்வதுண்டு. மயங்கியவன் கூவி அழைக்க மாட்டான், கையசைக்கவும் மாட்டான். ஓசையின்றி அமிழ்வான். அருகிருப்போன் உடனே அவன் முகத்தை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்தால் உயிர் மீளும், பிந்தினால் மீளாது.

ஆகவே, இக்கலையை வல்லார் படிப்படியாகவே பயிற்றுவிப்பர். முதலில் தரையிற் கிடந்து உடலைத் தளர்த்தி மூச்சடக்கல். அடுத்து ஆழமற்ற நீர்த்தடாகம். அதன்பின்னரே கடலிற் கயிற்றைப் பற்றி இறங்கல். காதில் வலி தோன்றுமுன் மூக்கைப் பொத்திக் காற்றை உட்செலுத்திச் செவியழுத்தத்தைச் சமன்செய்யப் பழகுவர். அது கைகூடாவிடின் திரும்பிவிடுவர். ஒருமுறை மூழ்கிய நேரத்தின் இருமடங்காவது இளைப்பாறிய பின்னரே மறுமுறை மூழ்குவர். இங்குப் போற்றப்படுவது துணிவன்று, அடக்கமே.

நம்மூர்ச் சிறுவர் குளத்திலும் கேணியிலும் 'யார் நெடுநேரம் மூழ்கியிருப்பார்?' என்று பந்தயம் கட்டுவதை நாம் அறிவோம். கரையில் நிற்போர் எண்ணிக்கையை உரக்கச் சொல்வர். நீரினுள் இருப்பவனை நோக்குவோர் இலர். ஆசிரியராகிய நாம் நீச்சலின் நலத்தைப் போற்றுகின்றோம், அது தகும். அதனோடு இவ்விரு விதிகளையும் மாணாக்கர் நெஞ்சிற் பதித்தல் நம் கடன்: மூழ்குமுன் விரைந்து மூச்செறியாதே, உன்னையே நோக்கி நிற்கும் ஒருவன் இன்றி நீருள் மூழ்காதே. இவற்றைக் கற்பிக்க ஒரு பாடவேளை போதும்.