கண் மஞ்சளாகும்வரை காத்திருக்க வேண்டாம்

வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் பலருக்கு முதன்முதலாகத் தெரியவருகிறது, தம் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பது. ‘தகுதியில்லை’ என்ற முடிவோடு திரும்புபவருக்குப் போன விசாதான் கவலை. உடம்பில் உபாதை இல்லை, கண்ணும் மஞ்சளாகவில்லை. எனவே வீட்டாரும் அதை நோயாகவே எண்ணுவதில்லை.

காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடுவது நம் வழக்கம். அசுத்தமான தண்ணீர், உணவு வழியே வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே அடங்கிவிடும்; பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. (கர்ப்பிணிகளுக்கு ஈ வகை உயிருக்கே ஆபத்தாகலாம், ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.) ரத்தத்தில் பரவும் பி, சி வகைகளோ பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் இருந்து, கல்லீரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடக்கூடியவை.

கீழாநெல்லியை அறிவியல் புறக்கணித்துவிடவில்லை. சென்னையின் எஸ்.பி. தியாகராஜனும், பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்கும் அதை ஆராய்ந்தார்கள். 1988-இல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு நம்பிக்கையும் தந்தது. பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இன்று சி வகையைப் பெரும்பாலும் 12 வார மாத்திரைகளில் முழுமையாகக் குணப்படுத்திவிடலாம். பி வகையைக் கட்டுக்குள் வைக்க டெனோஃபோவிர், என்டகாவிர் இருக்கின்றன. எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படாது, தொடர் கண்காணிப்பு தேவை. 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தின்கீழ் பி, சி வகைகளுக்கான சோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். இதைச் சலுகையாக நினைத்துத் தயங்க வேண்டாம், உரிமையோடு கேளுங்கள். கூடவே, சேர்ந்து உண்பதாலோ கை குலுக்குவதாலோ பி, சி பரவாது. தொற்றுள்ளவருக்குத் தனித் தட்டு வைப்பது அநியாயம்.

பிறப்பின்போதே பி தொற்றும் குழந்தைகளில் சுமார் 90 சதவீதத்தினருக்கு அது நாள்பட்ட நோயாகிறது. அதனால் கர்ப்பக் காலத்திலேயே தாய்க்குச் சோதனை, பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் தடுப்பூசி. தாய்க்குத் தொற்று இருந்தால் குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். தனியார் மருத்துவமனையில் பிரசவம் என்றால் தடுப்பூசி அட்டையில் பதிந்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

பிரசவம் மட்டுமல்ல, ஊசியும் தொற்றுக்கு ஒரு வழி. 2009-இல் குஜராத்தின் மோடாசாவில் பி வகை பரவிப் பலர் இறந்தார்கள். பயன்படுத்திய ஊசிகளையே மறுபடி போட்டதுதான் காரணம். உங்கள் கண்ணெதிரே புது ஊசியைப் பிரிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார் செய்யலாம். பாதிப்பு நேர்ந்து, ஊசி போட்டது கட்டணம் வாங்கும் மருத்துவமனையாகவும் இருந்தால், உச்ச நீதிமன்றத்தின் 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கோரலாம். அதற்கு ரசீது, மருந்துச் சீட்டு, சோதனை அறிக்கை மூன்றும் கையில் இருக்க வேண்டும்.